லாரி வரும்போது எடுத்த வீடியோ

அந்த வீடியோவை எடுக்க எனக்கு எப்படி மனம் வந்தது?

அரியலூரில் என் மூன்று வயது மகள் போகும் அங்கன்வாடி வாசலில் சிமெண்ட் லாரிகள் பறக்கும். பயந்துபோய் உள்ளூர் டிவி நிருபருக்குப் போன் செய்தேன்.

“யாருக்காச்சும் அடிபட்டுச்சாக்கா?”

“இல்லீங்க. படக்கூடாதுன்னுதான் சொல்றேன்.”

“அப்ப நியூஸ் ஆகாதுக்கா. லாரி வர்றப்ப பாப்பா ஓரமா நிக்கிற மாதிரி வீடியோ அனுப்புங்க, போட்டுடலாம்.”

அவளை ரோட்டோரம் நிறுத்தி வீடியோ எடுத்தேன். லாரி உரசுவதுபோல் போனது. அந்தக் காற்றிலேயே அவள் தள்ளாடி விழுந்தாள். அடி இல்லை. வீடியோவை அனுப்பிவிட்டேன்.

‘நூலிழையில் தப்பிய குழந்தை’ என்று திரும்பத் திரும்பப் போட்டார்கள். வேகத்தடையும் வந்துவிட்டது. ஆனால் இப்போது லாரிச் சத்தம் கேட்டாலே என் கையை உதறிவிட்டு ரோட்டோரம் ஓடுகிறாள்: “வீடியோ எடும்மா!”

அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இதை அவள் மறக்க நான் என்ன செய்யட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.