அக்காவின் இடது பின்சக்கரம்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நட்புகளே, செவிலிமேட்டுத் தெருவாரே, உங்கள் எல்லாருக்கும் தங்கையின் வணக்கம். "சித்தி, ஒரு பக்கம் போதும், அம்மாவப் பத்தி நல்லதா எழுதிக் குடுங்க" என்று அக்காவின் மகன் கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மீதிப் படிப்பெல்லாம் பொட்டலம் மடித்து வந்த காகிதத்திலும், தெருவில் போகிறவர்கள் பேசிக்கொண்டு போவதிலும் பொறுக்கியது. ஒரு பக்கத்தில் நிறுத்த எனக்குத் தெரியாது. அக்காவைப் பற்றி எழுத நல்லதுதான் இருக்கிறது. நடுவில் வரும் கெட்டது என்னுடையது.

அக்கா பிறந்தது திருப்புட்குழியில், அம்மாவின் தாய்வீட்டில். ஆறு வருடம் கழித்து நான். எங்கள் அப்பா இரண்டு தறி வைத்து நெய்தவர். பெரியவள் படிக்கட்டும், சின்னவள் தறியில் உட்காரட்டும் என்று அவர் ஒரு காலையில் முடிவு செய்தார். அக்கா பரீட்சைக்குப் படிக்கும்போது நான் தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றுவேன். பொறாமை அன்றைக்கே என்னுடன் ஒட்டிக்கொண்டது. தனக்கு வாங்கிய பேனாவை அக்கா எனக்கே கொடுத்திருக்கிறார். அதை வைத்து என்ன எழுதுவது என்று அப்போது நான் சண்டை போட்டேன்.

பி.காம். முடித்து, ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அக்கா ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். செவிலிமேட்டில் வாழ்க்கைப்பட்டார். மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா அப்போதும் அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனார். கம்பெனி பஸ்ஸின் டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார்: "உங்க அக்கா ஏறி உக்காந்தாங்கமா. வண்டியில இருந்தவங்கதான் அழுதுக்கினு வந்தோம்." நான் இப்படி மற்றவர்கள் சொன்னதை முடிந்து வைத்துக்கொள்கிறவள். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் கிடைத்ததுதான்.

மகனைப் படிக்கவைத்து, வேலையில் உட்காரவைத்த பிறகுதான் தனக்கென்று ஒன்று வாங்கினார். சென்னையில் யாரோ ஓட்டி விற்ற பழைய கார். ஒரு முறை பட்டறையில் விட்டு நான்கு நாள் காத்திருந்தார். ஐந்தாம் நாள் ஜாக்கியும் ஸ்பேனர் பெட்டியும் வாங்கிவிட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, முதலில் ஆயில் மாற்றினார், பிறகு முன்சக்கரத்து பிரேக் பேடு. தெருவில் மற்றவர்களும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாருக்கும் முகம் சுளித்ததில்லை. பால்காரர் சொல்வார்: "அந்த அக்கா கார் வந்தா தெருநாய் கூட எழுந்திரிக்காதுமா. அதுங்களுக்கு அந்த பிரேக்கு மேல அவ்ளோ நம்பிக்கை."

இங்கே ஸ்டெல்லா டீச்சரைச் சொல்ல வேண்டும். எதிர் வீடு. நர்சரி பள்ளியில் வேலை. என் வயதுதான். அக்கா முதல் முறை காருக்கு அடியில் படுத்தபோது டார்ச் பிடிக்க வந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை.

என்னை அக்கா காரைத் தொட விட மாட்டார். "கையில கிரீஸ் ஏறிச்சுன்னா நீ நெய்யற புடவையில எறங்கிடும். அப்பறம் முதலாளி திருப்பி அனுப்பிடுவாரு. நீ அங்கயே உக்காரு" என்று ஒரு நாற்காலியும் காபியும் கொடுத்து, பத்தடி தள்ளி உட்காரவைப்பார். என் நல்லதுக்குத்தான். ஆனால் நான் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் இரண்டு பேர் நகத்திலும் ஒரே கறுப்பு இருக்கும். அக்கா கையை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பேனர் வந்து விழும். ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லடி, நட்டு வரல" என்பார் அக்கா. நட்டு வராததற்கு அவ்வளவு சிரிப்பா? என் சுத்தமான கையைப் பார்த்தால் எனக்கே வெறுப்பாக இருக்கும். அந்த அழுக்குக்கு நான் ஏங்கினேன்.

பின்சக்கரங்களுக்கு டிஸ்க், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு, மாற்றியது ஒரு சனிக்கிழமை. பிரேக் போட்டால் பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு கட்டியிருந்தது. திங்கட்கிழமை ஒரு வேலை இருக்கிறது, அதற்குள் வண்டி தயாராக வேண்டும் என்றார் அக்கா. என்ன வேலை என்று சொல்லவில்லை. அன்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், டீச்சர்தான் கழற்றினார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. எல்லாம் மாட்டிய பிறகு, டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். "நான் சொன்னா மட்டும் மிதி. சொல்லாம மிதிக்காத" என்றார் அக்கா. வலது பக்கம் முடிந்தது. முதல் மிதியில் கால் உள்ளே போய்விட்டது. மூன்றாவதில் தடுத்தது. "கல்லு மாதிரி இருக்குதுக்கா" என்றேன். அப்படித்தான் இருக்கணும் என்றார். கல்யாண மேடையில் உட்கார்ந்தபோது கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பிறகு இடது பின்சக்கரம். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை டீச்சர் கழற்றி, குழாய்க்கு இழுப்பு வராமல் ஒரு துணிக்கயிற்றால் மேலே கட்டித் தொங்கவிட்டார். அதனுள்ளே பிஸ்டன் என்று ஒன்று இருக்கிறது. நாம் மிதிக்கும்போது அதுதான் வந்து பேடைத் தள்ளும். புது டிஸ்க் தடிமனானது என்பதால், அந்தப் பிஸ்டனைத் திருகித் திருகி உள்ளே அனுப்ப வேண்டுமாம். அதற்கு முன் பழைய டிஸ்க் துருப்பிடித்து வர மறுத்தது. அக்கா என்னை டீ போட அனுப்பினார்.

அடுப்பில் பாலை வைத்தேன். அந்த சீட்டை விட்டு இருக்க முடியவில்லை, சத்தமில்லாமல் வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் பின்னால் சக்கரத்தின் பக்கம் குனிந்திருந்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் சொல்வது கேட்டது.

"தங்கச்சிகிட்ட எப்ப சொல்லப் போறீங்கக்கா? திங்கக்கெழம அட்மிஷன்."

"அவ பொண்ணு கல்யாணம் முடியட்டும்டி. முகூர்த்தப் புடவை தறியில நிக்குது. மார்ல கட்டின்னு சொன்னா பாதியில எறங்கி ஓடி வந்துடுவா."

துருப்பிடித்த டிஸ்க்கில் டீச்சரின் சுத்தியல் விழுந்தது.

"அது கூட இல்ல ஸ்டெல்லா. அவகிட்ட சொன்னா அவ அழுவா. நான் அவளத் தேத்திக்கினு இருக்கணும். உங்கிட்டன்னா நான் அழலாம்."

அக்கா அழுதார். பிறந்ததிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவும் எனக்காக வந்தது இல்லை.

என் கால் மிதித்தது. ஒரு முறை இல்லை, நான்கைந்து முறை. கால் தவறிவிட்டது என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். இந்த மலரில் அதைத் திருத்திக்கொள்கிறேன். தவறவில்லை. எந்தச் சொல்லுக்கு மிதித்தேன் என்பதும் எனக்குத் தெரியும். கட்டி என்ற சொல்லுக்கு மிதித்திருந்தால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். "உங்கிட்டன்னா" என்றாரே, அதற்குத்தான் மிதித்தேன்.

தொங்கிக்கொண்டிருந்த காலிப்பரில் பிஸ்டனைத் தடுக்க எதுவும் இல்லை. அது வெளியே வந்து விழுந்தது. பிரேக் ஆயில் டீச்சரின் கையெல்லாம், அக்காவின் சேலையெல்லாம். உள்ளே பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது.

அக்கா காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து என் கதவுக்கு வந்தார். "கேட்டுட்டியா?" என்றார்.

"எனக்கு முன்னாடி அவளுக்கா?" என்றேன்.

என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. உனக்கு என்னக்கா என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எறங்கு. கீழ ஆயிலு இருக்குது, மிதிச்சிடாத" என்றார். டீச்சர் சோப்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கினார்.

கார் நின்றுவிட்டதால் திங்கட்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்கு பஸ். நான் வருகிறேன் என்றேன். "வா. ஆனா அழக் கூடாது. அழுதா ஸ்ரீபெரும்புதூர்லயே எறக்கி உட்டுருவேன்" என்றார். நான் அழவில்லை. சத்தியமாக ஒரு சொட்டு இல்லை. தோளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, இப்போது சாய்வார், இப்போது அழுவார் என்று காத்திருந்தேன். அக்கா சாய்ந்தார். பூந்தமல்லி வரை நன்றாகத் தூங்கினார்.

மெக்கானிக்கை அழைத்து வந்து டீச்சர் காரைச் சரி செய்துவிட்டார். பிறகு பத்து மாதம், ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அவர்தான் ஓட்டினார். அக்கா முன்சீட்டில், நான் ஃபிளாஸ்கோடு பின்சீட்டில். என் மகள் கல்யாணத்தில் அக்கா தலையில் துண்டு கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் கிண்டல் செய்தார். கூறைப் புடவையின் கரையைத் தடவி, "கையி சுத்தமா வச்சிருந்தியே, அதான்டி" என்றார். என்னிடம் எப்போதும் சிரிப்புதான். வலி அதிகமானபோதும், வாயில் புண் வந்து கஞ்சி இறங்காதபோதும், என்னைப் பார்த்தால் ஏதாவது வேடிக்கை சொல்வார். என்னை அழவிடாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு ஒரு வேலையாகவே இருந்தது. வேண்டாம்க்கா, நான் தாங்குவேன் என்று ஒரு நாள் சொன்னேன். நம்பவில்லை. நம்பும்படி நான் எப்போது நடந்தேன்?

கடைசி வாரத்தில் ஒரு மாலை டீச்சர் பள்ளி விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் தலைமாட்டில் இருந்தேன். அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு சிரிப்பைத் தேடி எடுக்கப் பாடுபடுவது தெரிந்தது. நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். யாரும் உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். உள்ளே அழுகை வரும் என்று நினைத்தேன். கேட்டது இரண்டு பேரின் சிரிப்பு. அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அக்கா போய்விட்டார்.

அக்காவைக் கைவிடாமல் பார்த்த மருத்துவர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், வேலையை விட்டு வந்து தாயைத் தாங்கிய மகனுக்கும் மருமகளுக்கும், வாரம் தவறாமல் அம்மன் கோயில் குங்குமம் கொண்டுவந்து கொடுத்த குருக்களுக்கும், தெருவை அடைத்துப் பந்தல் போட்டபோது முகம் சுளிக்காத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஸ்டெல்லா டீச்சருக்கு நன்றி என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். டீச்சர், அந்தச் சனிக்கிழமை நான் வேண்டுமென்றே மிதித்தது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளும் யாரிடமும் சொல்லவில்லை நீங்கள். அக்கா என்னிடம் சிரித்ததெல்லாம் என்னிடம் இருக்கிறது. எதற்கெல்லாம் அழுதார் என்பது உங்களிடம் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்லாதீர்கள், பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை. நான் அழ மாட்டேன். அழுதால், அக்காவைத் தேற்றியது போல என்னையும் தேற்ற வேண்டாம், சும்மா பக்கத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
தங்கை