முச்சந்தியில் ஒரு வெள்ளை நாய்

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் காலனி மேட்டில் இருக்கிறது. வெளியே போக ஒரே சாலை. அது நேராக இறங்கி ஒரு முச்சந்தியைத் தாண்டிப் போகும். ஆயுத பூஜையன்று காலையில் சைக்கிளுக்குப் பொட்டு வைத்து, திருஷ்டி சுற்றி, பூசணிக்காயை அந்த முச்சந்தியில்தான் உடைத்தேன். "உடைச்சதை வாரி ஓரமாப் போட்டுட்டு வாங்க, யாராச்சும் வழுக்கி விழுந்து வைக்கப் போறாங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். நான் வாரவில்லை. சோம்பல், வேறென்ன.

அன்று மாலை அதே இறக்கத்தில் முழு வேகத்தில் வந்தேன். முச்சந்தியில் முன்சக்கரம் வழுக்கியது. எதில் ஏறியதென்று பார்க்கவில்லை. பூசணித் துண்டாகத்தான் இருக்கும். காறை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். மனைவி கேட்டபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வெள்ளை நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு" என்று புளுகினேன்.

ஏழு மாதம் கழித்து மறுபடி சைக்கிளை எடுத்தேன். இறக்கம் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் விரல்கள் பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போவேன். நாற்பது வருஷமாக சைக்கிள் ஓட்டுபவனுக்கு இது எவ்வளவு அவமானம்! போதாக்குறைக்கு, காலனி வாட்ச்மேன் ஒருநாள் காலையில் என்னைத் தடுத்தார்.

"நக்கோ சார்! ஓ சஃபேத் குத்தா உதரிச் பைட்டா ஹை."

அந்த வெள்ளை நாய் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறதாம். அதற்கு ஒரு காது மடிந்திருக்குமாம். எட்டிப் பார்த்தேன். சாலை வெயிலில் காலியாகக் கிடந்தது. நான் கதை கட்டிவிட்ட நாய்க்குக் காது வைத்தது யார்?

இப்படியே விட்டால் சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நாயும் இல்லை, பேயும் இல்லை, வாராமல் விட்ட பூசணிக்காய், அது மக்கி ஏழு மாதமாகிறது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். காற்று காதில் இரைந்தது. முச்சந்தி வந்தது, போனது. அவ்வளவுதான். சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், தோசைத் திருப்பியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"என்ன சொல்றீங்க? நீங்க வாரியிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு மத்தியானமே நான் போய் ஒரு துண்டு விடாம அள்ளிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்தேனே."

அடுப்பில் தோசை கருகியது.

மறுநாளும் இறங்கினேன். அன்று விட்டிருந்தால் பிறகு என்றைக்கும் முடிந்திருக்காது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரேக்கைத் தொடவில்லை. முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஆளே இல்லாத அந்தச் சாலையில், இரண்டு முறை மணி அடித்து வழி கேட்டேன்.