பெரிய சாமி குளிக்க வந்தது

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப்பேரவைச் செயலாளர் என்ற முறையில், பங்குச்சாமிக்கு வரும் கடிதங்களைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. குற்றாலத்தை ஒட்டிய பங்கு எங்களுடையது. சாரல் தொடங்கிவிட்டால், அறை கேட்டு மற்ற பங்குகளின் சாமியார்கள் எழுதுவதுதான் அதிகம். அந்த ஆண்டு ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது.

எழுதியவர் முன்பு எங்கள் பங்கில் நெடுங்காலம் இருந்து, இப்போது ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் இருக்கும் பெரிய சாமி. அவருக்குச் சமைத்துப் போட்டவள் என் அத்தை. புற்றுநோயில் படுத்துவிட்டாள்; நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொண்டோம். சாவதற்குள் தன் வீட்டில் அவர் கையால் ஒரு பூசை வேண்டும் என்றாள். மாற்றலாகிப் போன சாமி பழைய பங்கில் பூசை வைக்க இப்போதைய பங்குச்சாமி அனுமதிக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதியிருந்தார்.

பங்குச்சாமிக்கு நாற்பது வயது இருக்கும். கூட்டத்தில் யாராவது "பெரிய சாமி இருந்தா" என்று ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுவார். எதற்கும் வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறவர், இதற்கு லெட்டர்ஹெட்டில் அடித்தார். நோயாளிக்கு நற்கருணை தவறாமல் தரப்படுகிறது, தனிப் பூசை தேவையில்லை. கடைசி வரி: 'சீசன் நன்றாக இருக்கிறது. குளிக்க வருகிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை.'

பெரிய சாமி வந்தார். சட்டை, வேட்டி, தோளில் துண்டு. கட்டிலருகே மேசையில் வெள்ளைத்துணி விரித்து மெழுகுதிரி வைக்கச் சொல்லியிருந்தாள் அத்தை.

"அங்கி எங்க சாமி?"

"குளிக்கத்தாம்மா வந்தேன். பூசைக்கு உத்தரவு இல்ல."

"காய்ச்சல்ல கெடந்தப்பம் ஒமக்குக் கஞ்சி வைக்க நான் எவன்ட்ட உத்தரவு கேட்டேன்?"

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். அவள் தலையில் கை வைக்கப் போனார். அத்தை தலையை நகர்த்திக்கொண்டாள்.

"போய்க் குளியும். ஐந்தருவியில நல்லா விழுதாம்."

அவர் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் என்னிடம், "அந்தத் துணிய எடுலே" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பங்குச்சாமி நற்கருணை அப்பத்தோடு நன்மை கொடுக்க வந்தார். அத்தை வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் குனிந்து நின்றவர், அப்பத்தைச் சிமிழில் போட்டு மூடினார்.

வெளியே வந்து, "நினைவு தப்பிருச்சு" என்றார். "பெரியவருக்கும் எழுதிருதேன். இனிமே அலைய வேண்டாம்."

அவர் பைக் தெருமுனை திரும்பியதும் அத்தை காபி கேட்டாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒம் பொண்டாட்டி சீனிய பூட்டி வச்சிருக்காளாலே?" என்றாள்.

கடிதம் போனது. தகவலுக்கு நன்றி என்று பெரிய சாமி பதில் எழுதினார். சாரல் நின்று, சீசன் கடைகளைப் பிரித்துக் கொண்டுபோகும்வரை அத்தை நல்ல நினைவோடு கிடந்தாள். அவர் வரவில்லை.