வெள்ளைக் கோடு போட்ட டேங்க்

மயில்சாமி இறந்த செய்திக்கு நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் உழவர் குழுவின் வாட்ஸ்அப்பில் காலையில் வந்த தகவல் அது. கண்ணாடி போடாமல் பார்த்ததில், சொசைட்டிக்கு யூரியா வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். திருப்பூரில் வேலை செய்யும் என் மகள் உடனே கூப்பிட்டாள். “ஏனுங்கப்பா, மயில்சாமி செத்ததுக்குப் போயி நல்லதுன்னு போட்டிருக்கீங்க. மொதல்ல அதை அழிங்க.” அழிக்கத் தெரியாமல் இன்னொரு கட்டைவிரலையும் அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அவர் கால் படாத காடு கிடையாது. இருபது வருடமாகப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடித்தவர். என்னைவிட மூத்தவர். ஆனாலும் நான் கூப்பிட்டது “மயிலா, வாடா” என்றுதான். அவர் சொன்னது “வாரேனுங்ணா” என்று. எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ‘அவர்’ என்று வருகிறது.

அவரிடம் முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் டேங்க் இரண்டு இருந்தன. பூச்சி மருந்துக்கு வெள்ளைக் கோடு போட்டது, களைக்கொல்லிக்குக் கோடு இல்லாதது. ஒருமுறை அவர் இல்லாத நேரத்தில் கோடு இல்லாததை எடுத்துவந்து, நானே பருத்தியில் அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடித்தேன். கூலி மிச்சம் என்று அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். நாலாம் நாள் கொழுந்து இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி நின்றது. மயில்சாமி வந்து பார்த்தார். “எத்தனை தடவை கழுவுனாலும் அது களைக்கொல்லி டேங்குதானுங்ணா. அதுக்குத்தானுங்க கோடு போட்டு வெச்சேன். கோடு கூடவா உங்களுக்குப் படிக்கத் தெரியாது?”

காட்டுக்குள் வந்ததும் டேங்கைத் தூக்கமாட்டார். குறுக்கும் நெடுக்கும் நடந்து பத்துச் செடியின் குருத்தை விரித்துப் பார்ப்பார். புழு ஒன்றிரண்டுதான் என்றால், “இதுக்கு மருந்து வேண்டாமுங்க, இன்னும் நாலு நாள் பாக்கலாம்” என்று தன் கூலியைத் தானே வேண்டாம் என்று விட்டுப் போவார். மருந்துக்கடையில் மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொன்னார்கள் என்றால் போதும், கோபம் வந்துவிடும். “நீங்க சாம்பாரு, ரசம், மோரு மூணையும் ஒண்ணா ஊத்தித் திம்பீங்களா?”

கடைசியாக அடித்தது என் மக்காச்சோளத்துக்கு. படைப்புழு விழுந்திருந்தது. காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். மருந்து என்னிடம் இருந்தது. நானோ சோமனூரில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை விருந்தில் இரண்டாவது வடைக்குக் காத்திருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஒரு பிடி புழுதியை அள்ளிப் போட்டுப் பார்த்தார். அது இங்கும் அங்கும் சுழன்றது.

“காத்து ஒரு பக்கமா நிக்கலீங்ணா. வெயிலுக்குப் புழுவும் குருத்துக்குள்ள போயிருக்கும். நாளைக்கு வெச்சுக்கலாமுங்க.”

“நாளைக்கு மழைன்னு போன்ல போட்டிருக்குதுடா. அடிச்சுப்போட்டுப் போ.”

பயிர் நெஞ்சு உயரம். அடித்த மருந்தெல்லாம் காற்றில் அவர் மேலேயே திரும்பியது. மூக்கில் ஈரத்துண்டு. மூன்றாவது தடவை டேங்கை நிரப்பிப் பாதி அடித்ததும் வந்து உட்கார்ந்து, கண் மங்குகிறது என்றார். “வெயிலு” என்று சொல்லி, என் வீட்டு மோரைக் கொடுத்தேன். குடித்தார், வாந்தி எடுத்தார். டேங்கை என் காட்டுச் சாளைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுத் தள்ளாடி நடந்து போனார். அதன் பிறகு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதே சரி. மூன்றாம் நாள் காலையில்தான் வாட்ஸ்அப்பில் அந்தத் தகவல் வந்தது. மழையும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்களோ, ஊர் ‘குடி’ என்று எழுதிவிட்டது. அவர் தள்ளாடிப் போனதைப் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களைத்தான் கேட்கிறேன். அவர் குடித்து யார் பார்த்தீர்கள்? முகத்துக்கு மூடி கேட்டபோது எத்தனை பேர் வாங்கிக் கொடுத்தோம்? “துண்டு இருக்குதல்லோ” என்றோம். நமக்குப் பயிர் பிழைக்க வேண்டும், பழி மட்டும் சாராயத்துக்குப் போக வேண்டும். எவ்வளவு வசதியான ஊர் நம்முடையது!

குழுவில் இரங்கல் கூட்டம் போட்டோம். தலைவர் பேசினார். “நல்ல உழைப்பாளி. குடிதான் கெடுத்துப்போடுச்சு.” கடைசி வரிசையில் இருந்து அவர் மனைவி சரசு எழுந்தார்.

“அவரு போய்ட்டாருங்க, சரி. குடிகாரன்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னைக்குக் கூட இருந்தவங்க ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அது யார் காடு என்று சரசுவுக்குத் தெரியும். மயில்சாமி காலையில் சொல்லிவிட்டுத்தானே வந்திருப்பார். ஆனால் சரசு என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் என் செருப்பைப் பார்த்தேன். வார் தேய்ந்திருந்தது. கூட்டம் முடிந்து டீ வந்தது, அதையும் குடித்தேன்.

அந்த வெள்ளைக் கோடு போட்ட டேங்க் இன்னும் என் சாளையில்தான் இருக்கிறது. மூன்றாவது தடவை கரைத்ததில் பாதி உள்ளேயே நிற்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் வாயைத் திறக்க வேண்டும் என்று அங்கேயே விட்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றும், அன்று கூட்டத்தில் எழுந்து நின்று நான் சொல்லாத இதுவும்தான்:

“மயில்சாமியண்ணன் குடிக்கலீங்க. நாளைக்கு அடிக்கலாமுன்னு சொன்னாருங்க. நான்தானுங்க அடிக்க வெச்சேன்.”