ரபீக் அண்ணனும் குளத்துக்குள்ளிருந்து பேசும் குரலும்

ரபீக் அண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலை கப்பலூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை... அவர் நம்பரிலிருந்து கால் வந்ததும் வழக்கம்போல "சொல்லுங்கண்ணே" என்றேன். பேசியது அவர் தங்கை.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வண்டியூரில் தனியாக இருந்தார், மனைவி இறந்த பிறகு.

'கல்படி' என்ற பெயரில் ஆன்லைனில் பேய்க்கதை எழுதியவரும் அவர்தான். அது வீட்டுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

நாங்கள் ஒரு சின்ன டீம், மதுரையிலிருந்தே ஒரு ஹாரர் கேம் செய்துகொண்டிருந்தோம். நல்ல பேய் ஒன்று தேவைப்பட்டது. எல்லோரும் சேர்ந்து எழுதும் ஒரு கதைத் தளத்தில் அவருடைய கதையைப் படித்தேன்.

தண்ணீர் வற்றிய ஒரு தெப்பக்குளம். குறுக்கே நடந்து போகிறவனிடம் தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல், "சாப்பிட்டியா?" என்று கேட்கும். சாப்பிட்டேன் என்றால் விட்டுவிடும். இல்லை என்று சொன்னவன் மேலே ஏறி வருவதில்லை.

அவ்வளவுதான் கதை. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. படித்துவிட்டு எங்கள் ஆர்ட்டிஸ்ட் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தான்.

மெசேஜ் அனுப்பினேன். "நானும் மதுரதாம்மா" என்று பதில் வந்தது.

பிரச்சினை லைசென்ஸில் வந்தது. அந்தத் தளத்துக் கதைகளை யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர்கள் பெயரைப் போட வேண்டும். அதோடு, அந்தக் கதையை வைத்து நாம் செய்வதையும் அதே விதிப்படி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.

கேமை வெளியிட இருந்த கம்பெனி, அது நடக்காது என்றது. இன்னொரு வழி இருந்தது. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தனியாக அனுமதி கொடுத்தால் போதும்.

இந்தக் கதையை எழுதியது இரண்டு பேர். குளமும் ஆட்களும் அண்ணன் எழுதியது. அந்தக் குரலும் அதன் கேள்வியும் 'ஈசல்' என்ற இன்னொருவர் சேர்த்தது.

ஈசல் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர்... எதுவும். அந்தக் கதைக்குப் பிறகு ஆளே இல்லை. நான் அனுப்பிய மெசேஜ் எதற்கும் பதில் வரவில்லை. அண்ணனும் அந்தக் கதையின் பக்கத்தில் கமெண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். "ஈசல், இருக்கீகளா? ஒரு நல்ல விஷயம்."

கடைசியில் எங்கள் டீமில் ஒரு முடிவு எடுத்தோம். ஈசல் எழுதியதை நீக்கிவிடுவது, அண்ணன் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்வது. அதைச் சொல்லத்தான் கப்பலூர் போனேன். அவர் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் நின்று கேட்டுக்கொண்டார்.

"சரிப்படாதும்மா. நான் குளத்தத்தான் எழுதுனேன். பேசுறது ஈசலு. பேசாத பேய வச்சு என்ன செய்யப் போறீக?"

"கேள்வியை நாங்க வேற மாதிரி மாத்திக்கிறோம்ணே. உங்க பேரு பெருசா வரும்."

"அந்தப் புள்ள ஒருநா வந்து பாக்கும். என் பேய எங்கண்ணேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அனுமதி தரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

கேம் வேறொரு பேயோடு வெளிவந்தது. அண்ணன் வாங்கி விளையாடிவிட்டு போன் செய்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. உங்க பேயி எம்புட்டுச் சத்தம் போடுது..."

அப்படியே பேச்சு தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடுவார். எழுதியதைப் படித்துக் காட்டுவார். பின்னால் ஒரு சத்தமும் இருக்காது, டிவி கூட.

நேற்று வண்டியூர் வீட்டுக்குப் போனேன். மய்யித்தை எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாம் அடக்கத்துக்குக் கபர்ஸ்தான் போயிருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

"நீ யாரும்மா? அண்ணே கம்பெனியா?" என்று கேட்டார் தங்கை.

"இல்லக்கா. அண்ணே கதை எழுதுவாக. அப்பிடிப் பழக்கம்."

"எங்கண்ணனா? கதையா?"

நம்பவில்லை. படித்துக் காட்டச் சொன்னார். மரண வீட்டில் பேய்க்கதையா என்று தயங்கினேன். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். போனைப் பார்த்துப் படித்தேன்.

"சாப்பிட்டியா?" என்ற இடம் வந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மதினி மவுத்தானதுலருந்து தெனம் போன் போட்டு நான் கேக்குறதும்மா இது. சாப்பிட்டியாண்ணே, சாப்பிட்டியாண்ணேன்னு. ஒரு நா கூட இல்லன்னு சொன்னதில்ல. என்னையத்தேன் எழுதிருக்காரு..."

அப்படியே விட்டிருக்கலாம்தான். ஆனால் அண்ணன் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

"அந்த வரி மட்டும் அண்ணே எழுதுனது இல்லக்கா. ஈசல்னு ஒருத்தர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்குத் தகவல் சொல்லியாச்சா?"

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

விளாங்குடி திரும்பும் பஸ்ஸிலேயே அந்தக் கதையின் பக்கத்தில் எழுதினேன். கல்படி இறந்துவிட்டார், அவர் பெயர் ரபீக், மதுரைக்காரர் என்று. முன்பின் தெரியாத ஒருவர் அழுகிற எமோஜி போட்டிருக்கிறார். வேறு யாரும் வரவில்லை.

உங்களைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை அண்ணே. அதனால்தான் இங்கே எழுதினேன்.

நிம்மதியா இருங்க. ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.