இல்ஃபோர்டில் நான்கு துண்டு கேக்

கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. இது எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு, அன்றைக்கென்று பார்த்து எல்லா வண்டியையும் பூட்டி வைப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? அதனால் ஏசு பிறந்த நாளில் நானும் என் ஜோடி மிஷனரியும் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ் சகிதம் ஒன்றேகால் மணி நேரம் தூறலில் நடந்தே இல்ஃபோர்ட் போய்ச் சேர்ந்தோம்.

எனக்கு அப்போது இருபது வயது. திருநெல்வேலியிலிருந்து மோர்மன் சபையின் இரண்டு வருட ஊழியத்துக்கு வந்தவன். ஜோடி ஓர் அமெரிக்கன், ஆறடிக்கு மேல் உயரம். ஒருவரையொருவர் கண்ணில் படும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் கழிவறைக்குப் போனால்கூட அவன் கதவுக்கு வெளியே நின்று, நலமா என்று விசாரிப்பான். காலை ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் ஆறு இருபத்தொன்பதுக்கு என் போர்வையை உருவுவான். நல்லவன்தான். நல்லவர்களோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. முந்தின வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, எங்கள் டையையும் பேட்ஜையும் பார்த்து, பின்பக்கம் அனுமதி வாங்காமல் கட்டிய அறையை அளக்கக் கவுன்சிலிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று பயந்துபோனார். இல்லை, கடவுளைப் பற்றிப் பேச வந்தோம் என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை என் ஊழியத்தில் வேறு எந்த வாசலிலும் நான் பார்த்ததில்லை.

"நாங்கள் சிவனைக் கும்பிடுற சைவக்காரர். ஆனா நத்தாருக்குப் பிள்ளையள் தனிய இருக்கப்படாது. வந்து சாப்பிடுங்கோ. சமயம் மட்டும் கதைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். நத்தார் என்றால் அவர்கள் பேச்சில் கிறிஸ்துமஸ்.

சமயம் பேச எனக்கும் அன்று மனமில்லை. மனம் முழுக்க ஒரே கேள்விதான்: இன்றைக்காவது அப்பா பேசுவாரா?

அப்பா பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். நான் சபை மாறியதைக்கூட அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனால் செப்டம்பரிலேயே உலர்பழங்களை ரம்மில் ஊறப்போட்டு, டிசம்பரில் தன் கையால் கேக் செய்வது அவருடைய ஒரே பெருமை. முந்தின கிறிஸ்துமஸில் சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், மது கூடாது என்ற புதுச் சபையின் விதிப்படி நான் தட்டைத் தள்ளி, "இதுல ரம் இருக்குல்லா, எனக்கு வேண்டாம்" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அல்லது வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். புதுசாகச் சேர்ந்தவனுக்கு உள்ள திமிர். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அதோடு பேச்சும் நின்றது. விமான நிலையத்துக்கும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீடியோவில் அம்மாவோடு பேசும்போது திரையின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரியும்.

அக்கா வீட்டில் முதலில் தேநீர் வந்தது. எங்கள் சபையில் தேநீரும் ஆகாது என்றேன்.

"தேத்தண்ணியும் குடியாத சமயம் ஒண்டோ?" என்று அவர் வாயைப் பிளந்தார். பாவப்பட்ட பிள்ளைகள் என்று இரட்டிப்பாகப் பரிமாறினார். சோறு, ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் முடிந்ததும் கேக் வந்தது. கறுப்பாக, ஈரமாக, முந்திரியும் ரோஜாத் தண்ணீரும் மணக்க. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அப்பாவின் மகனுக்கு அது தெரியாமல் போகுமா?

"அக்கா, இதுல பிராந்தி இருக்கா?"

"ஓம் தம்பி, நல்லா விட்டுத்தான் செய்தனான். ரெண்டு மாதம் ஊறினது. ஏன்?"

நான் திரும்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து சாராயத்தின் வாடைகூடப் படாத என் ஜோடி, கண்ணை மூடி இரண்டாவது துண்டை ரசித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். ஆறு இருபத்தொன்பதும் உருவப்பட்ட போர்வைகளும் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன். விஷயம் புரிந்துபோன அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூன்றாவது துண்டை வைத்தார். மூன்று நாள் கழித்து அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு முழு நாள் என்னோடு பேசவில்லை. கண்ணில் படும் தூரத்தில் இருந்துகொண்டே பேசாமலிருந்தான்.

நான்காவது துண்டின்போது வீட்டுக்கு அழைத்தேன். எங்கள் ஊரில் மணி இரவு ஏழு. அம்மா வந்தார். ஓரத்தில் முழங்கையும் வந்தது. ஜோடியின் கன்னம் சிவந்திருந்தது, ஹீட்டராலா பிராந்தியாலா தெரியாது. அவன் திடீரென்று போனைத் தன் பக்கம் திருப்பி, துண்டைத் தூக்கிக் காட்டி, வாழ்நாளில் இப்படியொரு கேக் சாப்பிட்டதே இல்லை என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் முழங்கினான்.

"அந்தத் தம்பி என்னத்தச் சாப்பிடுதாரு?" என்றார் அம்மா.

"பிராந்தி ஊத்துன கேக்கும்மா. நாலாவது துண்டு. அவனுக்குத் தெரியாது."

முழங்கை குலுங்கியது. பிறகு திரை முழுக்க அப்பாவின் முகம் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஹவ் மெனி?" என்று ஜோடியிடமே விசாரித்தார். ஜோடி பெருமையாக நான்கு விரலைக் காட்டினான். அப்பா மேஜையில் அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் அவர் பார்வை என் மேல் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"நீ சாப்பிடலியோ?"

ஒரு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"இல்லப்பா."

அம்மா பின்னாலிருந்து, "இங்கயும் இந்த வருஷம் ரம் கெடையாது. எல்லாம் திராட்சை ஜூஸ்லதான் ஊறுச்சு" என்றார்.

"சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று அப்பா சீறினார்.

"ஏம்ப்பா? நான்தான் வரமாட்டேன்னு தெரியுமே?"

"தெரியும்லே. ரம் பாட்டில எடுத்தேன், ஊத்த மனசு வரல. விடு."

எதையாவது கேட்க வேண்டும் என்று, "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன்.

"விளங்கல, ருசியே இல்ல" என்றார். "ஆனா தீந்துட்டு."

"பொய்யச் சொல்லாதீங்க" என்றார் அம்மா. "சொந்தக்காரங்க ஒரு கடி கடிச்சுட்டு அப்படியே வச்சுட்டாங்க. அவ்வளவையும் இவரு ஒத்த ஆளா உக்காந்து தின்னுக்கிட்டிருக்காருலே."