கபடித் திடல் வளைவும் என் வழக்கும்

குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டு பாஷையில் எதிரி என்பார்கள். சம்மனில் முதல் எதிரி என்று என் பெயர் இருந்தது. இரண்டாம் எதிரி யாரும் இல்லை.

நான் அப்போது ஒரு சிகரெட் கம்பெனியின் சேல்ஸ் ரெப். சேலம், நாமக்கல் லைன். திருவிழா, கபடிப் போட்டி எது நடந்தாலும் விளம்பர வளைவு வைத்து, ஸ்டால் போட்டு விற்பேன். விளம்பரத்தில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்று சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை, அதையொட்டிக் கபடிப் போட்டி. வளைவின் இரண்டு கால்களிலும் வாசகத்தை எழுத வைத்தேன். அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்தும் நான்தான். போட்டியன்று காலையில் விழாக் கமிட்டித் தலைவர் குலை தள்ளிய வாழை இரண்டைக் கொண்டுவந்து கால்களோடு சேர்த்துக் கட்டினார். எங்கள் பக்கம் வாழை கட்டாத வளைவு வளைவே இல்லை. நானும் கயிறு பிடித்தேன். வாசகம் மறைந்துபோனது புத்திசாலியான என் கண்ணில் படவில்லை. மத்தியானம் வந்த அதிகாரி போட்டோ எடுத்துப் போனார். அதில் சிகரெட் பெயர் இருந்தது, எச்சரிக்கை இல்லை.

தலைவர் சாட்சி சொன்னால் தப்பிக்கலாம் என்றார் வக்கீல். போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, ஆத்தாளுக்குக் கட்டுன வாழைங்க. அதனால குத்தம் வந்துச்சுன்னு நான் கூண்டேறிச் சொல்லோணுமா? ஊருக்குள்ள தலை காட்ட முடியுங்களா?" என்றார். மோர் கொடுத்து அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கம்பெனி ஆபீஸில் மேனேஜர் சொன்னார்: "ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டு வாய்யா. கேஸை இழுத்தா கம்பெனி பேரு கெடும். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

கோர்ட்டுக்குக் கம்பெனி ஆள் ஒருவர்கூட வரவில்லை. வக்கீலும் ஜூனியரை அனுப்பிவிட்டார். டவாலி மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டார். மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, "ஒத்துக்கறேனுங்க" என்றேன். அபராதத்தைக் கட்டிவிட்டு, வெளியே டீக்கடையில் பேச ஆளில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

பத்து நாளில் தபால் வந்தது. கோர்ட்டில் தண்டனை பெற்றவரை வைத்துக்கொள்ளக் கம்பெனி விதியில் இடமில்லையாம். கீழே மேனேஜரின் கையெழுத்து.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே இருப்பவர் வாயால் தரும் உறுதியைத் தாளில் எழுதி வாங்குங்கள். நான் அன்று கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமே என்று நினைத்தேன்.